பதிவான ஆண்டைப் போடுங்கள்: இசைச் செயலி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

இசைச் செயலிகளை நடத்தும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். மாதாமாதம் தவறாமல் சந்தா கட்டி, பரோக் காலத்து இசையை, அதாவது சுமார் 1600 முதல் 1750 வரையிலான ஐரோப்பிய இசையை, விரும்பிக் கேட்கிறவன் எழுதுகிறேன். ஒலித்தரத்தில் குறை இல்லை. ஒரு பதிவு எந்த ஆண்டில் எடுக்கப்பட்டது, அதில் யார் எந்தக் கருவியை வாசித்தார்கள் என்பதைத் திரையில் போடுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

இதெல்லாம் ஒரு பிரச்சினையா என்று தோன்றலாம். ரைன்ஹார்ட் கோபெல் என்கிற ஜெர்மானியரை வைத்தே சொல்கிறேன்.

1952-இல் சீகன் நகரில் பிறந்தவர். வயலின் கலைஞர். 1973-இல், படிக்கிற வயதிலேயே, ‘மூசிகா ஆன்டிக்வா கொல்ன்’ என்ற குழுவைத் தொடங்கினார். விலங்குக் குடலில் செய்த பழங்காலத் தந்தி, பழைய பாணி வில், பழைய கையெழுத்துப் பிரதிகளைத் தேடிப்பிடித்துப் படிக்கும் பிடிவாதம். இவைதான் அந்தக் குழுவின் முதலீடு. 1978-லிருந்து ஆர்க்கீவ் என்ற இசை வெளியீட்டு நிறுவனத்துக்காக ரெக்கார்டு மேல் ரெக்கார்டாக வந்தன. ட்ரெஸ்டன் அரசவையில் வேலை பார்த்த இசையமைப்பாளர் ஹைனிகனை இன்று நாலு பேர் கேட்கிறார்கள் என்றால் அதில் கோபெலுக்குப் பெரும் பங்கு உண்டு.

எண்பதுகளின் பிற்பகுதியில் கோபெல் பதிவுசெய்த, இசையமைப்பாளர் பாக்கின் ‘பிராண்டன்பர்க் கான்செர்ட்டோக்கள்’ என்ற ஆறு படைப்புகளைக் கேளுங்கள், குறிப்பாக ஆறாவதை. அதில் வயலினே கிடையாது. வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலா இரண்டு, முழங்கால்களுக்கிடையில் வைத்து வாசிக்கும் வியோலா ட காம்பா இரண்டு, தாழ்ந்த சுருதிக்குச் செல்லோவும் வியோலோனும், ஹார்ப்சிகார்ட் என்ற விசைப்பலகைக் கருவி, அவ்வளவுதான். தொடக்கத்தில் ஒரு வியோலா சொல்வதையே மற்றது நூலிழை தள்ளி அப்படியே திருப்பிச் சொல்லும். கனத்த குரல் கருவிகள் என்பதால் பலர் இதை நிதானமாகவே நடத்துவார்கள். கோபெலோ மூச்சு முட்ட ஓடுகிறார். இரண்டாவது வியோலா முதலாவதின் குதிகாலை மிதித்துவிடுமோ என்று பயமாக இருக்கும். இந்த வேகம் தகுமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ஆறாவதில் அவர் செய்தது அத்துமீறல்தான். ஆனாலும் நான் திரும்பத் திரும்பப் போடுவது அதைத்தான்.

பிறகு 1990 வாக்கில் இடது கை சொன்ன பேச்சு கேட்க மறுத்தது. கைவிரல்களைத் தாக்கும் டிஸ்டோனியா. எலும்பிலோ தசையிலோ கோளாறு இல்லை, மூளை விரலுக்கு அனுப்பும் கட்டளை குழம்பிப்போகிற நோய். வயலின்காரருக்குத் தந்தியை அழுத்துவது இடது கைதானே. இன்னொருவராக இருந்தால் பெட்டியை மூடியிருப்பார். இவர் கையை மாற்றினார். வில் இடது கைக்கு, தந்தி வலது கைக்கு. பால பாடத்திலிருந்து மறுபடி தொடங்குகிற வேலை அது. அப்படியே வாசித்துக்கொண்டும் குழுவை நடத்திக்கொண்டும் பல ஆண்டுகள் போயின. 2006-இல் கை மறுபடி தொல்லை கொடுத்தது. 2007-இல் குழுவையே கலைத்துவிட்டார். அதன் பின் முழுநேர இசைக்குழு நடத்துநர். 2010-இல் சால்ஸ்பர்க்கின் மோட்ஸார்ட்டேயம் இசைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

இன்னொரு திருப்பமும் உண்டு. குடல் தந்தியால் பெயர் வாங்கியவர், இன்றைய கருவிகளோடு இருக்கும் சாதாரண இசைக்குழுக்களும் பரோக் வாசிக்க வேண்டும் என்று வாதாட ஆரம்பித்தார். பெர்லின் ஃபில்ஹார்மோனிக் கலைஞர்கள் தொடங்கிய ‘பெர்லினர் பரோக் சோலிஸ்டன்’ குழுவோடு 2017-இல் அதே பிராண்டன்பர்க் கான்செர்ட்டோக்களை மறுபடி வெளியிட்டார். அடுத்த ஆண்டு அந்தக் குழுவின் கலை இயக்குநரும் ஆனார்.

இப்போது உங்கள் செயலியில் அவர் பெயரைத் தட்டினால் என்ன வருகிறது? வலது கையில் வில் பிடித்தவர், இடது கையில் பிடித்தவர், வில்லையே கீழே வைத்தவர் மூவரும் ஒரே பட்டியலில் கலந்து கிடக்கிறார்கள். பழைய பதிவுக்கு மறுவெளியீடு வந்தால் அன்றைக்கே அதன் வயதும் குறைந்துவிடுகிறது. பரோக் இசையமைப்பாளர் பீபர் வயலினுக்கு எழுதிய ‘ஜெபமாலை சொனாட்டாக்களில்’ பதினோராவதற்கு வயலினின் நடுத்தந்திகள் இரண்டையும் இடம் மாற்றிக் கட்ட வேண்டும். வாசிப்பவரின் கை எந்த நிலையில் இருந்தபோது அதைப் பதிந்தார் என்று அறிய நினைப்பது வீண் ஆர்வம் அல்ல.

நம்மூர்க் கச்சேரிப் பதிவுகளுக்கும் இதே கதிதான். பாடகர் பெயர் இருக்கும். வயலின் யார், மிருதங்கம் யார் என்பதை வாசிப்பைக் கேட்டு நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும்.

தரவு கிடைக்கவில்லை என்று சொல்லாதீர்கள். குறுந்தகட்டோடு வந்த சிறு புத்தகத்தில் பதிவான மாதம், இடம், ஒவ்வொருவர் பெயர், சில சமயம் வயலினைச் செய்தவர் பெயர்கூட அச்சாகியிருக்கும். ஒவ்வொரு பாட்டுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற 12 எழுத்துக் குறியீடு இருக்கிறதே என்பீர்கள். அதற்குள் இருக்கும் ஆண்டு குறியீடு ஒதுக்கிய ஆண்டு, பதிவான ஆண்டு அல்ல. செவ்வியல் இசைக்கென்றே தனிச் செயலி விட்டவர்களும் உங்களில் உண்டு. அந்தக் கவனம் ஏன் பொதுச் செயலிக்கு வரக்கூடாது?

வெளியீட்டு நிறுவனங்களிடம் அந்தச் சிறு புத்தகங்களைக் கேட்டு வாங்குங்கள். ‘பதிவான ஆண்டு’, ‘வெளியான ஆண்டு’ என்று இரண்டு தனித்தனிக் கட்டங்கள் வையுங்கள். முதல் கட்டத்துக்கு விவரம் கிடைக்காவிட்டால் காலியாகவே விடுங்கள். மறுவெளியீட்டு ஆண்டைக் கொண்டு நிரப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர் ஒருவர்