சுடலியை வளர்த்துத் தந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லாருக்கும் வணக்கம்.

என் முதல் நாவல் அச்சாகி வந்துவிட்டது. பொதிகை மலையில், பாணதீர்த்தத்துக்கு மேலே ஒரு பாறை இடுக்கில் குடியிருக்கும் சுடலி என்ற டிராகனின் கதை. எழுத்து என் தொழில் இல்லை. பகலில் அம்பாசமுத்திரத்தில் கணக்கு வேலை, இரவில் வீடு அடங்கிய பிறகு நாவல். இப்படி ஒருவன் வந்து நின்று, "டிராகன் மாதத்துக்கு எத்தனை ஆடு தின்னும்?" என்று கேட்டால் யாரும் சிரித்து அனுப்பிவிடலாம். நீங்கள் அனுப்பவில்லை. அப்படி ஒரு உயிர் மெய்யாகவே மலையில் இருப்பதுபோல நினைத்து, உங்கள் தொழிலில் தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொடுத்தீர்கள். புத்தகத்தின் நன்றிப் பக்கத்தில் இதற்கெல்லாம் இடம் இல்லை. அதனால்தான் தனியாக இந்த மடல்.

வடநெம்மேலி முதலைப் பண்ணையில் எனக்காக அரைநாள் ஒதுக்கிய தம்பி, முதலில் உங்களுக்கு. நான் கேட்க வந்தது பல்லையும் தோலையும் பற்றி. நீங்கள் என்னைக் கூட்டிப்போய் நிறுத்தியது முட்டையிடும் மணல்மேட்டின் பக்கம். நம் ஆறுகளில் இருக்கும் மக்கர் முதலையின் முட்டையில் ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் முடிவு செய்கிறது, 32.5 டிகிரியை ஒட்டி இருந்தால் ஆண், அதைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் பெண் என்று விளக்கினீர்கள். பொரியும் காலம் வந்ததும் குஞ்சுகள் முட்டைக்குள் இருந்தே குரல் கொடுக்கும், அதைக் கேட்டுத் தாய் மணலைத் தோண்டும், குஞ்சுகளை வாயில் அள்ளித் தண்ணீருக்குக் கொண்டுபோகும் என்றீர்கள். தகப்பன் முதலையும் அப்படிச் சுமப்பதை அந்தப் பண்ணையிலேயே கவனித்து 1980களில் ஆய்வாக எழுதியிருக்கிறார்கள் என்று நீங்கள் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நாவலின் ஒன்பதாம் அத்தியாயம் அன்றைக்கே பிறந்துவிட்டது. ஆண் டிராகன் குஞ்சுகளை வாயில் வைத்துக்கொண்டு ஆற்றைக் கடக்கிறது. பெற்ற பிள்ளையையே தின்கிறது என்று ஊர் பதறுகிறது. வாசித்தவர்கள் அதிகம் பேசுவது அந்த அத்தியாயத்தைப் பற்றித்தான். அது உங்களுடையது.

ஆட்டுக் கணக்குக்கும் நீங்கள்தான் விடை தந்தீர்கள். வெயிலில் கிடந்து உடம்பைச் சூடேற்றிக்கொள்ளும் பிராணிக்கு அன்றாடம் இரை வேண்டாம், பெரிய முதலை மாதக்கணக்கில் தின்னாமல்கூட இருக்கும் என்றீர்கள். சுடலி தினமும் கீழே இறங்கினால் அந்த ஊர் ஒரு வருஷம் தாங்காது. எப்போதாவது இறங்கினால் தலைமுறை தலைமுறையாகப் பக்கத்திலேயே வாழலாம். நாவலில் ஊருக்கும் சுடலிக்கும் உள்ள உறவு முழுவதும் இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது.

அடுத்து எங்கள் டீச்சர். பணி ஓய்வுக்குப் பிறகும் சுண்ணக்கட்டியைக் கீழே வைக்காதவர். "நீளம் இரண்டு மடங்கானால் சிறகின் பரப்பு நான்கு மடங்கு, எடை எட்டு மடங்கு. இப்போ சொல்லு, எப்படித் தூக்கும்?" என்று கேட்டு என்னையே கணக்குப் போட வைத்தீர்கள். அப்புறம் 1971இல் அமெரிக்காவின் டெக்சாஸில் எலும்பு கிடைத்த குவெட்சால்கோட்லஸ் என்ற, டைனோசர் காலத்துப் பறக்கும் ஊர்வனத்தைப் பற்றிச் சொன்னீர்கள். சிறகை விரித்தால் ஏறக்குறைய 10 மீட்டர், எடை 200 கிலோவுக்கு மேல் இருக்கலாம் என்ற மதிப்பீடு. சிறகாக மாறிய கைகளையும் கால்களையும் சேர்த்து ஊன்றி எம்பித்தான் அது பறக்கத் தொடங்கியிருக்கும் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுவதையும் சொன்னீர்கள். சுடலிக்கு நான்கு கால்களும் தனியாக இரண்டு சிறகுகளும் இல்லாமல், இரண்டு கால்களும் சிறகாகிய கைகளும் மட்டும் இருப்பது அதனால்தான். மழையில் நனைந்தால் அவள் பாறையை விட்டு எழுவதே இல்லை என்பதும் அந்தக் கணக்கிலிருந்து வந்தது. கதையில் ஐப்பசி அடைமழை எவ்வளவு முக்கியம் என்று வாசித்தவர்களுக்குத் தெரியும்.

நெருப்புக்கும் டீச்சர்தான் வழிகாட்டினார். ஹைட்ரோகுயினோனையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் வயிற்றுக்குள் சேர்த்துவைத்து, ஆபத்து வந்தால் நொதி இருக்கும் இன்னொரு அறைக்குள் தள்ளி, கொதிநிலையில் பீய்ச்சியடிக்கும் வண்டு ஒன்று மெய்யாகவே இருக்கிறது. சுடலி கக்குவது அதுபோன்ற கொதிதிரவம்தான். அது காற்றில் பட்டுத் தீப்பிடிப்பது மட்டும் என் கற்பனை.

மிகுபுனைவு என்றால் என்ன வேண்டுமானாலும் எழுதலாம் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. டிராகன் உண்டு என்ற ஒன்றை வாசகர் நம்ப வேண்டுமென்றால் மழையும் கல்லும் பசியும் சரியாக இருக்க வேண்டும். தமிழில் இந்த வகைக் கதைக்கு இவ்வளவு உழைப்பு தகும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். நீங்களும் அப்படி நினைத்ததால்தான் நேரம் தந்தீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஆரியங்காவுப் பக்கம் கமுகந்தோப்பு வைத்திருக்கும் அண்ணாச்சி, பறக்கும் ஓணானைப் பார்க்க உங்களோடு அண்ணாந்து நின்றதில் கழுத்து பிடித்துக்கொண்டது. ஆனால் பார்த்துவிட்டேன். நீண்ட விலா எலும்புகளின் மேல் தோல் விசிறியாக விரிய, ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்கு அது சறுக்கிப் போனது. சுடலியின் குஞ்சுகள் பறக்கப் பழகும் காட்சி முழுக்க உங்கள் தோப்பில் பார்த்ததுதான்.

மாமல்லபுரத்துச் சிற்பி ஐயாவிடம் நான் போனது யாளிக்காக. யாளியின் வாய்க்குள் உருளும் கல்பந்தை வெளியிலிருந்து வைப்பதில்லை, பல் இடுக்கு வழியே உளியை விட்டு அதே கல்லிலிருந்து செதுக்கிப் பிரிக்கிறார்கள் என்று பொறுமையாகக் காட்டினீர்கள். அதைவிடப் பெரிய கொடை, கல்லைத் தட்டி ஓசையை வைத்தே ஆண்கல், பெண்கல் என்று பிரிக்கும் முறையைச் சொல்லித்தந்தது. என் நாயகி கல்தச்சரின் மகள். அவள் பாறையைத் தட்டிவிட்டுக் காதை வைக்கும்போது, உள்ளே முட்டைக்குள் இருந்து குஞ்சுகள் பதில் கொடுக்கின்றன. ஐயாவும் வடநெம்மேலித் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. அந்தப் பக்கத்தை இருவரும் சேர்ந்துதான் எழுதியிருக்கிறீர்கள்.

காரையாறு காணிப் பழங்குடி மக்களுக்கு என் வணக்கம். காட்டில் எந்த மாதம் எந்தப் பக்கம் காற்று திரும்பும், யானை எந்தத் தடத்தில் வரும் என்றெல்லாம் சொன்னீர்கள். சாமி கதைகளை மட்டும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டீர்கள். ஒரு வரிகூட எழுதவில்லை.

மெய்ப்புப் பார்த்த தமிழாசிரியர், அட்டைப்படம் வரைந்த மாப்பிள்ளை, பக்கம் கட்டிய அச்சகத்துத் தங்கச்சி, மூவருக்கும் நன்றி. மாதக்கணக்கில் வீட்டுப் பொறுப்பைத் தன் தோளில் வாங்கிக்கொண்ட மனைவிக்கு நன்றி என்று எழுதினால் அது ரொம்பச் சின்னதாகத் தெரிகிறது, ஆனாலும் எழுதுகிறேன். ஒவ்வொரு அத்தியாயத்தையும் முதலில் கேட்டவள் மகள். சுடலி சாகக் கூடாது என்று அவள் பிடித்த பிடிவாதம் வென்றது. கதைக்கும் அதுதான் சரி.

பிரதிகளை எல்லாருக்கும் தபாலில் அனுப்பியிருக்கிறேன். டீச்சர், உங்களுக்கு மட்டும் பெரிய எழுத்தில் தனியாக அச்சடித்துக் கட்டி வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை நேரில் கொண்டுவருகிறேன். அண்ணாச்சி, தோப்புக்கு வரும்போது மகளையும் கூட்டி வருவேன். அவளுக்கும் அந்த ஓணானைக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
சுடலியை எழுதியவன்