ஒரே நாளில் ஏற்கப்பட்ட முன்மொழிவு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆசிரியர்களும் நூலகர்களும் சான்றிதழுக்காகத்தான் மாநாடுகளுக்குப் போகிறார்கள் என்று வாசகர் ஒருவர் இப்பகுதியில் எழுதியிருந்தார். அதில் கொஞ்சம் உண்மை இருப்பதால் எனக்குச் சுருக்கென்று தைத்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கல்லூரி நூலகராக இருக்கிறேன். தகவல் எழுத்தறிவு மாநாடுகளில் பேசுவதற்கு இதுவரை மூன்று முன்மொழிவுகள் அனுப்பியிருக்கிறேன். அந்த மூன்றின் கதையையும் அவர் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லட்டும்.

அதற்கு முன் அந்தச் சொல்லைப் பற்றி. தகவல் எழுத்தறிவு என்றதும், "எங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாதா?" என்று மாணவர்கள் சிரிப்பார்கள். சிலர் தகவல் அறிதிறன் என்கிறார்கள், அது மேல். எந்தத் தகவல் வேண்டும், எங்கே தேடுவது, கிடைத்ததை நம்பலாமா, எப்படிப் பயன்படுத்துவது என்று தெரிந்திருப்பதுதான் அது. ஆங்கிலத்தில் இந்தத் தொடரை 1974இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த பால் சுர்கோவ்ஸ்கி நூலகர்கூட இல்லை, தகவல் தொழில் நிறுவனங்களின் சங்கத் தலைவர்.

என் முதல் முன்மொழிவு ஒரே நாளில் ஏற்கப்பட்டது. "மதிப்பிற்குரிய அறிஞர் பெருந்தகைக்கு" என்று தொடங்கி, மாநாட்டில் பேச அழைக்கும் மின்னஞ்சல் ஒன்று வந்தது. இருபது ஆண்டுகளில் என்னை யாரும் அப்படி அழைத்ததில்லை. மாலையில் அனுப்பினேன், மறுநாள் காலையில் பாராட்டோடு ஏற்புக் கடிதம். ஒரு சொல்லைக்கூட மாற்றச் சொல்லவில்லை. மூன்று நாளுக்குள் கட்டணம் கட்டச் சொன்னார்கள், அதுதான் ஒரே நிபந்தனை. அந்த மாநாட்டின் பொருள் பட்டியலில் தகவல் எழுத்தறிவுக்கு அடுத்து உலோகவியலும் பல் மருத்துவமும் இருந்தன. அதையும் பார்த்தேன், பார்த்தும் உறைக்கவில்லை. புகழ்ச்சி கண்ணை மறைக்கும் என்பது இதுதான் போலும்.

நல்லவேளை, நூலக உதவியாளர் கேட்டார்: "மாநாட்டுக் குழுவில் பேர் போட்டிருக்கிற பேராசிரியருக்கு இது தெரியுமாங்க?" அந்தப் பேராசிரியர் பணிபுரியும் பல்கலைக்கழகத்தின் வலைப்பக்கத்தில் முகவரியைத் தேடி எழுதினேன். தன் பெயரை எடுக்கச் சொல்லி இரண்டு முறை எழுதிவிட்டதாகவும் இன்னும் எடுக்கவில்லை என்றும் பதில் வந்தது. அந்த வாரம்தான் முதலாண்டு மாணவர்களுக்கு, எந்த வலைத்தளத்தை நம்பலாம் என்று வகுப்பு எடுத்து முடித்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய விஷயமா அது!

இரண்டாவது முறை உண்மையான மாநாடு. 300 சொற்களுக்குள் எழுத வேண்டும். எல்லோருக்கும் மனப்பாடமான மேற்கோள் ஒன்றில் தொடங்கினேன். பிறகு இந்தத் துறையின் வரலாறு: 1974, அமெரிக்க நூலகச் சங்கத்தின் 1989ஆம் ஆண்டு அறிக்கை, 2000இல் வந்த தர அளவுகள், அவற்றுக்குப் பதிலாக 2016இல் ஏற்கப்பட்ட ஆறு கருத்துகள் கொண்ட சட்டகம் என்று வரிசையாக அடுக்கினேன். கடைசியில் இடமில்லாமல், "மாணவர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது, நல்ல பலன் காணப்பட்டது" என்று முடித்தேன்.

நிராகரித்துவிட்டார்கள். மதிப்பீட்டாளரின் குறிப்பு சுருக்கமாக இருந்தது: முதல் இரண்டு பங்கும் இங்கே வருகிற எல்லோருக்கும் தெரியும், மூன்றாம் பங்கில் யார் என்ன செய்தார்கள் என்றே தெரியவில்லை. பெயரை மறைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள். என் பதவி, அனுபவம் எதுவும் துணைக்கு வராது. அந்தக் குறிப்போடு என் எழுத்தைத் திரும்பப் படித்தபோதுதான் கவனித்தேன்: அளிக்கப்பட்டது, நடத்தப்பட்டது, உணரப்பட்டது. செய்தவர் ஒளிந்துகொள்ள நம் மொழியில் இந்தப் 'பட்டது' போல ஒரு திரை வேறு கிடையாது. சுற்றறிக்கை எழுதிப் பழகிய கை.

மூன்றாவதை எழுதுவதற்கு முன், மாநாடுகளில் ஏற்கப்பட்ட உரைச் சுருக்கங்களைத் தேடிப் படித்தேன். பிரிட்டனில் 2005 முதல் நடக்கும் லைலாக் என்ற தகவல் எழுத்தறிவு மாநாடு, 2013இல் இஸ்தான்புல்லில் தொடங்கிய இதே துறையின் ஐரோப்பிய மாநாடு போன்றவற்றின் பழைய நிகழ்ச்சி நிரல்கள் இணையத்திலேயே கிடைக்கின்றன. புதிதாக எழுதுகிறவர்கள் ஒரு மாலை நேரத்தை அதற்குச் செலவிடலாம். இருபது நிமிட உரைக்கு ஒரு கேள்விதான் தாங்கும் என்பதும், பயிலரங்கு என்று பெயர் வைத்துவிட்டு வந்தவர்களுக்குக் கையில் ஒரு வேலையும் கொடுக்காமல் இருக்கக் கூடாது என்பதும் அப்போதுதான் புரிந்தது.

எதைப் பற்றி எழுதுவது? நான் தோற்ற வகுப்பைப் பற்றி எழுதினேன். 2004இல் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிகோ வளாக நூலகர் சாரா பிளேக்ஸ்லீ உருவாக்கிய, ஒரு தகவலை நம்பலாமா என்று பார்க்கும் 'க்ராப்' சோதனையைத்தான் நான் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்தேன். எப்போது எழுதியது, தேவைக்குப் பொருந்துகிறதா, எழுதியவர் யார், சரியானதா, நோக்கம் என்ன என்று ஐந்து கேள்விகள். ஒரு மருந்து விற்பனையாளர், ஆராய்ச்சி நிறுவனம் போல வேடமிட்டு நடத்திய தளத்தை அன்று வகுப்பில் கொடுத்தேன். 38 பேரில் பெரும்பாலோர் ஐந்துக்கும் 'சரி' போட்டார்கள். அவர்கள் மேல் தவறில்லை. தேதி இருந்தது, பெயர் இருந்தது, 'எங்கள் நோக்கம்' என்று தனிப் பக்கமே இருந்தது. எல்லாக் கேள்விக்கும் அந்தத் தளத்திடமே பதில் கேட்டால் அது வேறென்ன சொல்லும்? போலி மாநாட்டிடம் நான் ஏமாறப் பார்த்ததும் இப்படித்தான்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்கும் சாரா மெக்ரூவும் 2017இல் வெளியிட்ட ஆய்வை அதன் பிறகுதான் படித்தேன். வரலாற்று ஆய்வாளர் 10 பேர், செய்தி சரிபார்ப்பவர் 10 பேர், மாணவர் 25 பேர் வலைத்தளங்களை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று பார்த்த ஆய்வு அது. அந்த வரலாற்று முனைவர்கள்கூடத் தளத்தின் அழகில் மயங்கிய இடங்களில், சரிபார்ப்பவர்கள் மட்டும் உடனே அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, மற்றவர்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். இதைப் பக்கவாட்டு வாசிப்பு என்கிறார்கள். பெண் பார்க்கப் போகிற வீட்டைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிப்பது போலத்தான். எங்கள் உதவியாளர் எந்த ஆய்வும் படிக்காமல் அன்று செய்ததும் இதையேதான்.

தோற்ற வகுப்பு, திருத்திய வகுப்பு, நடுவில் நான் ஏமாறவிருந்த கதை மூன்றையும் 280 சொற்களில் எழுதினேன். 'நான்' என்று தொடங்க மூன்று நாள் கூச்சமாக இருந்தது. இம்முறை ஒரு திருத்தத்தோடு ஏற்றார்கள். "மாணவர்களின் திறன் மேம்பட்டது" என்ற வரியை எடுக்கச் சொன்னார்கள்; ஒரே வகுப்பை வைத்து, ஒப்பிட வேறு குழுவும் இல்லாமல், அப்படிச் சொல்ல முடியாது என்றார்கள். "எத்தனை பேர் பக்கத்தை விட்டு வெளியேறித் தேடினார்கள் என்று குறித்துக்கொண்டேன்" என்று மாற்றினேன். வாசகர் சொல்கிற சான்றிதழ் எனக்கும் கிடைத்தது, மறுக்கவில்லை. பீரோவில் எங்கோ இருக்கிறது. அந்தத் திருத்தம் மட்டும் அதற்குப் பிறகு நான் எழுதிய ஆண்டறிக்கைகள் எல்லாவற்றிலும் குறுக்கே வந்து நிற்கிறது.

உரை முடிந்ததும், கடைசி வரிசையில் இருந்த ஒருவர் அந்தப் போலி மின்னஞ்சலைத் திரையில் மறுபடியும் காட்டச் சொன்னார். காட்டினேன். தன் கைப்பேசியில் எதையோ தேடிக்கொண்டு முன்னால் வந்தார். அதே அறிஞர் பெருந்தகை, பெயர் மட்டும் அவருடையது. கட்டணம் கட்டிவிட்டாராம்.

இப்படிக்கு,
கல்லூரி நூலகர் ஒருவர்