டீப்பாய்க்குப் பெயிண்ட் அடிக்கும் முன்

திருச்சி

அன்புள்ள கமலா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி தவழ ஆரம்பித்துவிட்டாள், கைக்கு எட்டுவதையெல்லாம் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்க்கிறாள் என்று நீ எழுதியிருந்ததை அம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அம்மா பங்குனியிலிருந்து என்னோடுதான் இருக்கிறாள். காது கொஞ்சம் மந்தம், மற்றபடி சௌக்கியம். காலையில் பேப்பரை வரி விடாமல் படித்துவிட்டு, நான் சமைத்துக்கொண்டிருக்கும்போது ஊர்ச் செய்தியெல்லாம் சொல்கிறாள். அண்ணாவுக்கு முழங்கால் வலி குறைந்திருப்பது பெரிய நிம்மதி. மாடிப்படி ஏறுவதை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போடச் சொல்.

சரி, டீப்பாய் விஷயத்துக்கு வருகிறேன். பொள்ளாச்சி வீட்டைக் காலி செய்தபோது உன் மாமனாருடைய டீப்பாயைக் கொண்டுவந்துவிட்டாய். மகன் அதற்கு முழுக்க வெள்ளையாக, சாக்பீஸ் மாதிரி மினுக்கில்லாமல் காயும் சாக் பெயிண்ட் அடித்துவிடலாம் என்கிறான். உனக்கு மனசு ஒப்பவில்லை. நான் மாசி மாதம் அம்மா வீட்டு டீப்பாயை அதே பெயிண்டால்தான் புதுப்பித்தேன் என்பதால் என்னைக் கேட்கிறாய். என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கால்களுக்கு அடியுங்கள், மேல்பலகையில் ஒரு சொட்டுக்கூட வேண்டாம். காரணத்தை விவரமாக எழுதுகிறேன். மகனிடமும் படிக்கக் கொடு, அவன் ஆசையில் தப்பு ஒன்றும் இல்லை.

அந்தப் பெயிண்ட் உண்மையிலேயே நல்ல பொருள். இங்கிலாந்தில் ஆனி ஸ்லோன் என்ற அம்மாள் 1990-இல் உருவாக்கியது. மரச்சாமானைத் தேய்க்காமல், பிரைமர் அடிக்காமல், பழைய பாலிஷ் மேலேயே பிடிக்கிற மாதிரி ஒரு பெயிண்ட் வேண்டும் என்று செய்தார். தண்ணீரில் கலக்கும், வாடை அவ்வளவாக இல்லை, பிரஷ்ஷைத் தண்ணீரிலேயே கழுவிவிடலாம். இப்போது பல கம்பெனிகள் இதே வகையில் செய்கின்றன. பெரும்பாலும் சுண்ணாம்புக்கல் தூளோ அது போன்ற வேறு கனிமத் தூளோ நிறையச் சேர்த்திருப்பார்கள். அதனால்தான் காய்ந்தபின் கொஞ்சமும் மினுக்காமல், தொட்டால் மாவு போல மெத்தென்று இருக்கிறது.

எனக்கு அதில் பிடித்துப்போனது அந்த மினுக்கில்லாத தன்மைதான். நீலம் கலந்து சுண்ணாம்பு அடித்த சுவர் எப்படி இருக்கும், உனக்கே தெரியும். பொங்கலுக்கு முன்னால் எங்கள் வீட்டில் அடிப்பார்கள், நீ லீவுக்கு வந்து தங்கியபோது பார்த்திருக்கிறாய். அந்தச் சுவர் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்காது, வாங்கி வைத்துக்கொள்ளும். இரண்டும் ஒரே மாதிரி தெரிவதில் ஆச்சரியம் இல்லை. சுவரில் பூசிய சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கி மெல்ல மெல்ல மறுபடியும் சுண்ணாம்புக்கல்லாகவே மாறுகிறது. இந்தப் பெயிண்டில் அதே கல்லைத் தூளாக முதலிலேயே போட்டுவிடுகிறார்கள். நான் வாங்கியதும் அந்தச் சுவரின் வெளிர் நீலம்தான். அம்மா பார்த்ததும், "நம்ம ரேழி கலர்" என்றாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளாகவே சொன்னாள். அன்று முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆனால் பிரைமரே வேண்டாம் என்ற பேச்சை எல்லா மரத்துக்கும் நம்பிவிடக் கூடாது. எங்கள் டீப்பாய் வேங்கை. மேல்பலகை மட்டும் நடுவில் எப்போதோ மாற்றியது, வேறு ஏதோ மரம். இஸ்திரிப்பெட்டி சுட்ட கறுப்புத் தழும்பு வேறு. தெருவில் மரவேலை செய்யும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கவிழ்த்துப் போட்டு, அடிப்பக்கத்தை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, "வேங்கைம்மா, வெளிர் கலர் பூசினா சாயம் மேலே ஏறி வரும்" என்றார். சர்க்கரை உள்ளவர்கள் ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிக்கும் குவளை இந்த வேங்கையில் செய்வதுதானே? அந்தத் தண்ணீர் நிறம் மாறுவதைப் பார்த்திருப்பாய். பெயிண்டிலும் தண்ணீர் இருக்கிறது, அது மரத்தின் சாயத்தைக் கரைத்து மேலே இழுத்துவிடும். அடிப்பக்கத்தில் ஓர் ஓரமாகக் கொஞ்சம் பூசிப் பார்த்தோம். காலையில் பார்த்தால், தேயிலைத் தண்ணீர் சிந்திய மாதிரி பழுப்புத் திட்டு. எத்தனை கோட் அடித்தாலும் அது மேலே வந்துகொண்டேதான் இருக்கும்.

அதற்கு மருந்தும் அவரிடமே இருந்தது. அவலரக்கை, அதாவது ஷெல்லாக் என்கிற அரக்குச் சில்லை, பாட்டிலில் போட்டு, ஸ்பிரிட் ஊற்றி, ஒரு ராத்திரி ஊறவிட்டு வடிகட்டி, மெல்லிசாக ரெண்டு கை பூசினார். அரக்கு தண்ணீரில் கரையாது. அதனால் பெயிண்டின் ஈரம் அதைத் தாண்டி மரத்துக்குப் போகாது, மரத்தின் சாயமும் மேலே வராது. புரசு, இலந்தை போன்ற மரங்களில் வாழும் சின்னஞ்சிறு பூச்சி சுரக்கிற பிசின்தான் இந்த அரக்கு. ஜார்க்கண்ட் பக்கத்திலிருந்துதான் நிறைய வருகிறது. விலை உயர்ந்த வெளிநாட்டுப் பெயிண்டைக் காப்பாற்ற நம் ஊர் பாலிஷ்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாளும் பொருளே போதுமானதாக இருந்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இனி உன் டீப்பாய். மேல்பலகை தேக்கு என்கிறாய். கவிழ்த்துப் போட்டு அடியில் லேசாகத் தேய்த்துப் பார். பொன் பழுப்பாக, கொஞ்சம் எண்ணெய்ப் பசையோடு, தோல் வாசனை மாதிரி ஒன்று வந்தால் தேக்கேதான். அப்படியானால் அதை மூடாதே, கமலா. சுட்டுப்போன பலகை, ஒட்டுப்போட்ட பலகை, பிளைவுட், இவற்றுக்கெல்லாம் பெயிண்ட் ஒரு புது முகம் கொடுக்கும். நல்ல தேக்குக்கு முகம் ஏற்கெனவே இருக்கிறது. ஒருமுறை பெயிண்ட் அடித்துவிட்டால் மரத்தின் ரேகைக்குள் போன வெள்ளையை எடுக்கவே முடியாது. பலகையை இழைத்துத்தான் ஆக வேண்டும், அப்போது உன் மாமனார் காலத்து நிறமும் சேர்ந்து போய்விடும்.

மேலே இருக்கும் வெள்ளை வளையங்களைப் பார்த்துப் பயப்படாதே. அந்தக் காலத்து பாலிஷ் பெரும்பாலும் இதே அவலரக்குதான். மறைவான இடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் வைத்துப் பார், பிசுபிசுத்தால் அரக்கு பாலிஷ் என்று அர்த்தம். டம்ளரின் ஈரமும் சூடும் பாலிஷுக்குள் போனதால் வந்த வளையம் அது, மரம் வரைக்கும் போயிருக்காது. மெல்லிய பருத்தித் துணியில் ஸ்பிரிட்டைத் தொட்டு, துணி ஈரமாக இருக்கிறதா என்று சந்தேகம் வரும் அளவுக்குப் பிழிந்துவிட்டு, நிற்காமல் ஒரே ஓட்டமாகத் துடைத்தால் பாலிஷ் இளகி மறுபடி படியும், வளையம் மறையும். நிறுத்தினால் துணி ஒட்டிக்கொள்ளும். கை பழகியவர் யாராவது உங்கள் கோயம்புத்தூரில் கிடைப்பார்கள், அவரிடமே விட்டுவிடு. கறுப்பு வளையமாக இருந்தால் கதை வேறு, அது மரத்துக்குள் இறங்கிய தண்ணீர்.

கால்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. மாமனார் ஒரு தடவை கால்களுக்கு மட்டும் பச்சை பெயிண்ட் அடித்தார் என்று எழுதியிருக்கிறாய். எழுபதுகளில் என்றால் அதில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். நம் நாட்டில் வீட்டு பெயிண்டில் 90 பிபிஎம்-க்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்ற சட்டம் 2017 நவம்பர் 1-ஆம் தேதியிலிருந்துதான் அமலுக்கு வந்தது. அதற்கு முன்னால் அடித்த எனாமல் எதையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். வீட்டில் தவழும் குழந்தை வேறு. டீப்பாய்க் காலைப் பிடித்துத்தான் எழுந்து நிற்பாள், பல் முளைக்கும் நேரத்தில் அதிலேயே வாயும் வைப்பாள். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று சொல்லும்படி ஓர் அளவே கிடையாது.

அதனால் மகனிடம் கண்டிப்பாகச் சொல்: உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்க்கவே கூடாது. மெஷினால் தேய்ப்பதோ, சூட்டால் உரிப்பதோ, அதைவிட மோசம். தூசியும் புகையும் வீடு முழுக்கப் பரவும். பச்சை பெயிண்ட் உரியாமல், வெடிக்காமல் கெட்டியாகப் பிடித்திருந்தால், சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்து, காயவிட்டு, அதன் மேலேயே சாக் பெயிண்ட் அடித்துவிடலாம். தேய்க்காமலே பிடிக்கும் என்பது இந்தப் பெயிண்டின் பெரிய குணம், உன் வீட்டில் அது நிஜமாகவே உதவும். உரிந்துகொண்டிருந்தால் வீட்டில் கை வைக்க வேண்டாம். டீப்பாயை வெளியே கொடுத்து, பெயிண்ட் ரிமூவர் போட்டு எடுப்பவரிடம் எடுத்துவரச் சொல். அதுவரை குழந்தை இருக்கும் அறையிலிருந்து தள்ளி வை.

இன்னொன்று. இந்தப் பெயிண்ட் அடிக்கிறவர்கள் கடைசியில் ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து, அடியில் உள்ள பழைய நிறம் அங்கங்கே தெரியும்படி செய்வார்கள். மகன் காட்டிய படங்களிலும் அதுதான் இருந்திருக்கும். பார்க்க அழகுதான். ஆனால் உன் டீப்பாயில் அடியில் இருப்பது அந்தப் பச்சை. தேய்த்தால் மூடிய ஈயம் மறுபடி வெளியே வரும். அந்த அலங்காரம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

கால்களை அடிப்பதற்கு முன் கீழே தரையைப் பார். கால் நிற்கும் இடத்தில் மாவு மாதிரி தூள் கொட்டியிருந்தால் மரத்தைத் துளைக்கும் உளுப்பூச்சி இருக்கிறது. மருந்து ஊசியால் ஏற்றி, தூள் நின்றபிறகுதான் பெயிண்ட். மூட்டு ஆடினால் பழைய பசையைச் சுரண்டி, ஃபெவிகால் வைத்து, கயிற்றைச் சுற்றிக் குச்சியால் முறுக்கி ஒரு நாள் விட்டுவிடு.

பெயிண்ட் நிறைய வாங்க வேண்டாம். ஒரு லிட்டர் சுமார் 13 சதுர மீட்டருக்கு வரும் என்று ஆனி ஸ்லோன் கம்பெனி சொல்கிறது. கால்களுக்கும் அவற்றை இணைக்கும் மரச்சட்டத்துக்கும் சின்ன டின் தாராளம். முதல் கோட் திட்டுத்திட்டாக, பார்க்கவே மனசு கெடுகிற மாதிரி இருக்கும். மகனைப் பொறுமையாக இருக்கச் சொல், இரண்டாவதில் சரியாகிவிடும். வெயில் நாளில் பிரஷ் இழுக்கும்போதே காய்ந்து கோடு விழும். பிரஷ் நுனியைத் தண்ணீரில் தொட்டுக்கொண்டால் ஓடும்.

மேலே என்ன பூசுவது என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். வழக்கமாகப் பூசுவது மெழுகு. பழைய வேட்டித் துணியால் தேய்க்கத் தேய்க்க அந்த நீலம் ஆழமாகிக்கொண்டே போனதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், எனக்கு மொத்த வேலையிலும் அதுதான் உசத்தி. ஆனால் மெழுகு முழுக்க இறுக மூன்று வாரம்வரைகூட ஆகும். சூடும் தாங்காது. தேன்மெழுகு அறுபத்துச் சொச்சம் டிகிரியிலேயே உருகிவிடும், டிகிரி காபி டம்ளரை அப்படியே வைத்தால் தடம் விழும். அதனால் எங்கள் டீப்பாயில் கால்களுக்கு மட்டும் மெழுகு, மேல்பலகைக்குத் தண்ணீரில் கலக்கும் பாலியூரித்தேன் வார்னிஷ். எண்ணெய் வார்னிஷ் போட்டால் வெளிர் நிறம் நாளாக நாளாக மஞ்சளாகிவிடும். மெழுகு பூசிய இடத்தில் பாலியூரித்தேன் பிடிக்காது, ஆகவே ரெண்டும் கலக்காமல் பார்த்துக்கொண்டேன். உனக்குக் கால்களுக்கும் பாலியூரித்தேனே நல்லது. பழைய பெயிண்டை இன்னும் கெட்டியாக மூடும், ஈரத்துணியால் தினமும் துடைக்கலாம். அது நன்றாக இறுகும்வரை, சில வாரமாவது, குழந்தையைப் பக்கத்தில் விடாதே.

ஆடிக்காற்றில் ஆரம்பிக்க வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று உங்கள் ஊரில் அத்தனை தூசியையும் ஈரப் பெயிண்டில் ஒட்டவைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எதுவும் காயாது. ஆவணியில் நல்ல நாள் பார்த்துச் செய்யுங்கள்.

வெள்ளைதான் வேண்டும் என்று மகன் நின்றால், கால் வெள்ளை, மேலே தேக்கு என்று ஒரு தாளில் வரைந்து காட்டு. அவனுக்கே பிடித்துவிடும் என்று நினைக்கிறேன். அதற்கு முன்னால் டீப்பாயின் அடிப்பக்கத்தையும் கால்களில் பெயிண்ட் இருக்கும் நிலையையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. பெரியவரிடம் காட்டிக் கேட்டுச் சொல்கிறேன். டின்னைத் திறக்க அதுவரை பொறுங்கள்.

விஜயா மகளுக்கு வரன் முடிந்துவிட்டது. தையில் மதுரையில் கல்யாணம். நீ அண்ணாவோடு ரெண்டு நாள் முன்னாலேயே இங்கே வந்துவிடு, சேர்ந்தே போகலாம்.

அன்புடன்,
ஜெயந்தி