நைனா, அவரைக்காய் விஷயத்தில் பொய் சொல்லிவிட்டேன்

ஸ்கார்பரோ, டொரொன்டோ
நவம்பர் 12

அன்புள்ள நைனாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கே மழை பிடித்துவிட்டது என்று தம்பி சொன்னான். மொட்டைமாடிப் படியில் செருப்போடு ஏறாதே, பாசி வழுக்கும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் சொன்னால் நடுவில் நீ சிரிப்பாய், அதற்குள் அம்மா பிடுங்கிக்கொள்வாள். விஷயம் இதுதான்: "அவரை காய்ச்சுதா?" என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் கேட்டாயே, நானும் "பறிச்சு மாளல நைனா" என்றேனே, அது பொய்.

முதலிலிருந்து சொல்கிறேன். இந்த வாடகை வீட்டுக்கு வந்தபோது பின்பக்கம் வெறும் புல்லும் ஒரு கிழட்டுப் பேரி மரமும்தான். தண்டையார்பேட்டை மொட்டைமாடியில் காசிமேட்டு தெர்மாகோல் மீன்பெட்டிக்கு அடியில் ஓட்டை போட்டு, மண்ணை மூட்டையாகத் தூக்கிக்கொண்டு போய், லாரித் தண்ணீர் வராத நாளில் அரிசி களைந்த தண்ணீரை ஊற்றி வளர்த்த உன் பெண்ணுக்கு இவ்வளவு தரையைப் பார்த்ததும் தலைகால் புரியவில்லை. மார்ச்சில் வெளியே பனி கிடக்கும்போதே ஜன்னலோரம் தயிர் டப்பாக்களில் தக்காளி விதை போட்டேன். இங்கே செடி வெளியே நிற்கக்கூடிய காலமே மே நடுவிலிருந்து அக்டோபர் வரைதான், அதனால் எல்லோரும் வீட்டுக்குள் முளைக்கவைத்துத்தான் வெளியே வைக்கிறார்கள். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அம்மா, "விக்டோரியா டே வரைக்கும் நட வேண்டாம் பிள்ளை, குளிர் அடிச்சுப்போடும்" என்றார். அது மே 25-க்கு முன்னால் வரும் திங்கட்கிழமை லீவு. நான் கேட்கவில்லை. மே முதல் வாரம் நல்ல வெயில் அடித்ததும் பதினான்கு நாற்றை நட்டேன், இரண்டாம் நாள் ராத்திரி உறைபனி விழுந்து காலையில் எல்லாம் வதக்கிய கீரை மாதிரி படுத்துக் கிடந்தது. மறுபடி நாற்று கொடுத்ததும் அந்த அம்மாதான்.

அப்புறம் இன்னொரு கூத்து. உன்னைப்போலவே மீன் கழுவின தண்ணீரை ஊற்றினேன். ராத்திரி ரக்கூன் என்ற பிராணி, கண்ணைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டிய திருடன் மாதிரி இருக்கும், குடும்பத்தோடு வந்து மீன் எங்கே என்று பாத்தி முழுக்கத் தோண்டிப் போட்டுவிட்டுப் போனது. நம்ம காசிமேட்டுப் பூனை எவ்வளவோ மேல்.

ஆனால் ஜூன் வந்துவிட்டால் இந்த மண் வேறு மாதிரி ஆகிவிடுகிறது. காலை ஐந்தரைக்கு விடிந்து ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் சூரியன் இறங்குகிறது, வேலை முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டுக்கூட நிதானமாகக் களை பிடுங்கலாம். ஸ்ட்ராபெரியை உன் பேரன் தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தின்று தீர்த்தான், வீட்டுக்குள் ஒன்றுகூட வரவில்லை. தண்டுக்கீரை கிள்ளக் கிள்ள வந்தது. பரங்கிக்குத் தேனீ சரியாக வராத நாட்களில் காலை ஆறு மணிக்கே போய்விடுவேன். ஆண் பூவைப் பறித்து இதழைக் கிள்ளிப் போட்டால் நடுவில் மஞ்சள் மாவு ஒட்டிய தண்டு மட்டும் நிற்கும், அதைப் பெண் பூவுக்குள் மெல்லத் தேய்க்க வேண்டும். காம்பில் கோலிக்குண்டு அளவு பிஞ்சு இருந்தால் அது பெண் பூ. கொஞ்சம் வெயில் ஏறினால் பூ மூடிக்கொள்ளும். இரவு உடையோடு நான் இதைச் செய்வதைப் பார்த்து இவர் சிரிக்கிறார், பரங்கிக்காய்ப் புளிக்குழம்பு வைத்த அன்று சிரிக்கவில்லை.

பேரிக்காய் நம்மூரில் கடித்தால் நறுக்கென்று இருக்குமே, அது இல்லை இது. ஆகஸ்ட் கடைசியில் கல்லாக இருக்கும்போதே பறித்துவிட வேண்டும், மரத்திலேயே பழுக்கவிட்டால் உள்ளுக்குள் கொழகொழத்துவிடும். வீட்டில் வைத்தால் வெண்ணெய் மாதிரி இளகுகிறது. ஆயா அரிசிப் பானைக்குள் மாங்காயைப் புதைத்து வைத்தது ஞாபகம் வந்து நானும் அரிசி டப்பாவில்தான் வைத்தேன். மேல்கிளையில் இருந்ததெல்லாம் அணிலுக்கு. நம் ஊர் அணிலைப்போல மூன்று மடங்கு இருக்கும், ஒரு கடி கடித்துவிட்டுக் கீழே போட்டுவிடும். முழுசாகத் தின்று தொலைத்தாலாவது மனசு ஆறும்.

சரி, அவரைக்கு வருகிறேன். இங்குள்ள தமிழ்க் கடையில் விதை வாங்கி மே கடைசியில் ஊன்றினேன். ஆடிக்குள் கொடி பந்தலைத் தாண்டி, வேலியைத் தாண்டி, பேரி மரத்திலும் ஏறிவிட்டது. இலை இலையாக, பச்சைப் பசேலென்று. ஒரு பூ இல்லை. ஆவணியிலும் இல்லை. சாணம், தேமோர்க் கரைசல் என்று நீ சொன்னதையெல்லாம் தேடிக்கொண்டிருந்தேன். கடைசியில் விசாரித்தால் கோளாறு மண்ணில் இல்லை, பகலில். கொடி அவரை பகல் குறைந்தால்தான் பூக்கும். சென்னையில் எவ்வளவு நீண்ட பகலும் பதின்மூன்று மணி நேரத்துக்குள்தான், இங்கே ஜூனில் பதினைந்தரை. நீ ஆடியில் ஊன்றி ஐப்பசியில் பூப் பார்த்து மார்கழி, தை என்று பொங்கல் குழம்பு வரைக்கும் பறித்தாயே, ஆடிப்பட்டம் என்று நாம் சொன்னதன் கணக்கு அதிலும் இருக்கிறது. இந்தக் கொடி டொரொன்டோவில் நின்றுகொண்டு ஐப்பசிக்குக் காத்திருந்திருக்கிறது.

இரவும் பகலும் சமமாகிற செப்டம்பர் கடைசியில் ஊதா நிறத்தில் பூத்தது பார், பந்தல் முழுக்க. அன்றைக்குத்தான் உன்னிடம் "பறிச்சு மாளல" என்றேன், எப்படியும் காய்த்துவிடும் என்ற தைரியத்தில். அக்டோபர் நடுவில் நகக்கண் அகலத்துக்குப் பதினோரு பிஞ்சு. ராத்திரி உறைபனி என்று போனில் எச்சரிக்கை வந்ததும் கையில் கிடைத்ததைப் போர்த்தினேன், உன் பச்சைக் கட்டம் போட்ட லுங்கியும் அதில் ஒன்று. எம்.சி. ரோட்டில் வாங்கி, குளிருக்குக் கழுத்தில் சுற்றிக்கொள் என்று பெட்டியில் வைத்தாயே, அதுதான். காலையில் எடுத்துப் பார்த்தால் வெளியே நீட்டியிருந்த இலையெல்லாம் கறுத்துத் தொங்கியது, லுங்கிக்கு அடியில் இருந்த நான்கு பிஞ்சு மட்டும் பிழைத்தது. நான்கையும் சாம்பாரில் போட்டேன். பையன் தட்டில் ஒன்று வந்தது, "இது என்ன தோல்?" என்று எடுத்து ஓரமாக வைத்தான். அதையும் நானே தின்றேன்.

அடுத்த வருஷம் செடி அவரைதான், அது பகல் நீளத்தைப் பார்க்காதாம். அந்த இடத்தில் இப்போது பூண்டு ஊன்றி வைக்கோல் போட்டிருக்கிறேன். அதற்கு இந்தக் குளிர் வேண்டும், குளிர் படாவிட்டால் பல் பிரியாமல் ஒரே உருண்டையாக நிற்குமாம். ஜூலையில்தான் பிடுங்க வேண்டும். கறிவேப்பிலைத் தொட்டி ஹாலுக்குள் வந்துவிட்டது, தினம் நாலு இலை உதிர்க்கிறது.

லுங்கி கம்பியில் மாட்டிக் கிழிந்துவிட்டது. யாராவது இந்தப் பக்கம் வந்தால் இன்னொன்று கொடுத்தனுப்பு, இந்தத் தடவை கொஞ்சம் அகலமாகப் பார்த்து வாங்கு.

உன் சின்னப் பொண்ணு