ஜூன் 6-க்கு முன்: குவைத்தில் இருக்கும் நண்பனுக்கு

சென்னை,
2.6.2024

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் அனைவரும் நலம். சின்னவளுக்கு இன்னும் சில நாட்களில் பள்ளி திறந்துவிடும். கொல்கத்தாவுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை மாலை ரயில். அன்றுதான் வாக்கு எண்ணிக்கை என்பதால் பெட்டி முழுக்க அந்தப் பேச்சாகத்தான் இருக்கும். எனக்கோ வியாழக்கிழமை இரவு 7 மணிக்கு அங்கே நடக்கும் இந்தியா–குவைத் கால்பந்து ஆட்டத்தைத் தவிர வேறெதுவும் மனதில் ஓடவில்லை.

"உலகக் கோப்பைத் தகுதிப் போட்டியில் இந்த முறையாவது மூன்றாம் சுற்றைப் பார்த்துவிடுவோமா?" என்று கேட்டிருந்தாய். உடனே பதில் எழுத உட்கார்ந்தும் பேனா நகரவில்லை. சென்ற ஆண்டு ஜூலையில் பெங்களூரு கண்டீரவா அரங்கில் நாம் இருவரும் தெற்காசியக் கோப்பை இறுதி ஆட்டத்தைப் பார்த்தோமே, அன்று இதைக் கேட்டிருந்தால் யோசிக்காமல் ஆம் என்றிருப்பேன். இதே குவைத் முதலில் கோல் போட்டும் நம்மவர்கள் பதறவில்லை. நம் கேப்டன் சேத்ரியின் காலிலிருந்து சஹலுக்கும், சஹலிடமிருந்து சாங்டேவுக்கும் பந்து போய் வலைக்குள் விழுந்தபோது நீ என் தோளைப் பிடித்து உலுக்கியது இன்னும் நினைவிருக்கிறது. பெனால்டியில் நம் கோல்கீப்பர் குர்பிரீத் கடைசிப் பந்தைத் தடுத்த பிறகு, இந்த அணி எங்கேயோ போகப்போகிறது என்று நாம் இருவருமே நம்பினோம்.

அதன் பிறகு நடந்தவற்றை வரிசையாக எழுதிப் பார்த்தபோது ஓர் உண்மை உறைத்தது. நவம்பர் 16 அன்று குவைத் நகரில், 75-ஆவது நிமிடத்தில், இடப்பக்கத்திலிருந்து சாங்டே அனுப்பிய பந்தை மன்வீர் சிங் இடது காலால் அடித்து உள்ளே தள்ளியதை நீ நேரில் பார்த்தாய் அல்லவா? ஓட்டத்தில் இருக்கும் பந்தில் இந்தியா போட்ட கடைசி கோல் அதுதான். அதற்கடுத்து ஆறு ஆட்டங்கள் ஆடியிருக்கிறோம். புவனேசுவரத்தில் கத்தாரிடம் 0-3 என்று தோற்றோம். ஜனவரியில் ஆசியக் கோப்பையில் ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா மூன்றிடமும் ஒரு கோல்கூடப் போடாமல் திரும்பினோம். மார்ச்சில் ஆப்கானிஸ்தானுடன் சவூதியின் ஆபாவில் 0-0, பிறகு கவுகாத்தியில் 1-2. ஆறு ஆட்டங்களில் கிடைத்த அந்த ஒரே கோலும் சேத்ரி தன் 150-ஆவது ஆட்டத்தில் அடித்த பெனால்டி.

கவுகாத்தி ஆட்டத்தை நான் தெருமுனைத் தேநீர்க் கடையில் பார்த்தேன். கடைக்காரர் எங்களுக்காகவே கிரிக்கெட்டை மாற்றி அதைப் போட்டிருந்தார். 70-ஆவது நிமிடத்தில் ஆப்கானிஸ்தான் சமன் செய்தபோதுகூட "பரவாயில்லை, நேரம் இருக்கிறது" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். 88-ஆவது நிமிடத்தில் அவர்களுடைய பெனால்டி உள்ளே போனதும் யாரும் எதுவும் பேசவில்லை. பாய்லரின் சத்தம் மட்டும் கேட்டது. பக்கத்தில் நின்ற பையன் நீல ஜெர்சிக்கு மேல் மெதுவாகச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். ஆகையால்தான் இந்தத் தடவை நம்பிக்கையை அளந்து அளந்து வைத்திருக்கிறேன்.

கணக்கு நமக்குச் சாதகமாகவே இருக்கிறது. நம் பிரிவிலிருந்து கத்தார் 12 புள்ளிகளுடன் ஏற்கெனவே மூன்றாம் சுற்றுக்குப் போய்விட்டது; மீதமுள்ள ஓர் இடத்துக்குத்தான் போட்டி. நமக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் 4, குவைத்துக்கு 3. கோல் வித்தியாசத்தில் நாம் -3, ஆப்கானிஸ்தான் -10, குவைத் -1. வியாழக்கிழமை வென்று 7 புள்ளிக்கு வந்துவிட்டால், அன்றே ஆப்கானிஸ்தான் கத்தாரிடம் தோற்கும் பட்சத்தில், மூன்றாம் சுற்றில் ஒரு கால் வைத்த மாதிரிதான். ஆனால் டிராவில் முடிந்தால் 11-ஆம் தேதி தோகாவில் கத்தாரை வென்றாக வேண்டிய நிலை வரலாம். 2019-இல் இதே தோகாவில், உடல்நலமின்றி சேத்ரி ஆடாத நாளில், குர்பிரீத் ஒருவராக நின்று 0-0 என்று காப்பாற்றினார். அது அற்புதம்தான், ஆனாலும் அற்புதத்தை எதிர்பார்த்துத் திட்டம் போட முடியாது. உங்கள் ஊர் அணியை எளிதாக நினைக்காதே என்று நீ எழுதியதையும் ஏற்கிறேன். ஆப்கானிஸ்தானை 4-0 என்று வென்ற அணி அது; தோற்றால் வெளியேற வேண்டியதுதான் என்று தெரிந்தே வருகிறது.

என் உண்மையான கவலை வேறு. இந்திய அணிக்காகச் சேத்ரி ஆடப்போகும் கடைசி ஆட்டம் இது என்கிறார்கள். மே 16 அன்று அவர் ஓய்வை அறிவித்ததிலிருந்து எல்லோரும் பிரிவுபசாரத்தைப் பற்றியே பேசுகிறார்கள். 39 வயதில், 94 கோல்களோடு விடைபெறுகிறவருக்கு எவ்வளவு மரியாதை செய்தாலும் தகும். 2005-இல் குவெட்டாவில் பாகிஸ்தானுக்கு எதிராக முதல் கோல் போட்ட நாளிலிருந்து அவரைத் தொடர்ந்து பார்த்தவர்கள் நாம். ஆனால் எல்லாப் பந்தையும் அவருக்கே கொடுக்க வேண்டும், அவர்தான் கோல் போட வேண்டும் என்ற ஆசை ஆட்டக்காரர்களின் காலைக் கட்டிவிடக் கூடாதே என்று அஞ்சுகிறேன். தோகாவில் அவர் இருக்கப்போவதில்லை. அங்கே கோல் போடும் ஸ்ட்ரைக்கராக முன்னால் நிற்கப்போவது யார் என்று பயிற்சியாளர் ஸ்டிமாச்சுக்கே தெளிவாகத் தெரியுமா என்பது ஐயமே. நம் நாட்டு லீக்கான ஐஎஸ்எல் அணிகள் பெரும்பாலும் நடு ஸ்ட்ரைக்கர் இடத்தை வெளிநாட்டவருக்குக் கொடுத்துவிட்டு நம் பையன்களை ஓரத்து விங்குக்குத் தள்ளுகின்றன. மன்வீர்கூடத் தன் கிளப்பில் வலப்பக்கம்தான் ஆடுகிறார். இரண்டு மாத முகாமில் தீர்கிற குறை இல்லை இது. நம் சென்னைப் பையன் நந்தகுமார் சேகரையும் புவனேசுவர முகாமுக்கு அழைத்தார்கள் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி, அவரும் விங்கர்தான்.

இதையெல்லாம் எழுதிவிட்டு ஏன் போகிறாய் என்று நீ கேட்கலாம். மூன்றாம் சுற்றுக்குப் போனால் ஜப்பான், ஈரான், கொரியா போன்றவை உள்ள 18 அணிகள் கொண்ட சுற்றில் பத்து ஆட்டங்கள் கிடைக்கும். அங்கே பலமுறை தோற்போம் என்பதும் தெரியும். ஆனாலும் அந்தப் பத்து ஆட்டங்களும் இருபது வயதுப் பையன்களுக்குக் கற்றுக்கொடுப்பதை வேறெந்த முகாமும் கற்றுக்கொடுக்காது. அதற்காகவாவது இந்த ஒரு கோல் விழ வேண்டும் என்று மனம் கிடந்து தவிக்கிறது. யார் போட்டாலும் சரி.

உனக்கு ஒரு வேலை வைக்கிறேன். அங்கே மாலை 4.30 ஆகும், வேலை நாள்தான் என்றாலும் எப்படியாவது அனுமதி வாங்கிக்கொண்டு தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்துவிடு. கொல்கத்தா சால்ட் லேக் அரங்கில் எனக்குக் கிடைத்திருப்பது மேல் கேலரி. அங்கிருந்து ஆட்டத்தின் அமைப்பு நன்றாகத் தெரியும். சஹல் பந்தை வாங்கித் திரும்ப இடம் கிடைக்கிறதா, இரண்டு விங்கர்களும் சேத்ரியை எதிர்பார்க்காமல் பெனால்டி பெட்டிக்குள் ஓடுகிறார்களா என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். முகங்கள் மட்டும் தெரியாது. கடைசி விசில் ஊதியதும் சேத்ரியின் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு எழுது.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்