எங்க புதுப் பாட்டுகளுக்குக் கை கொடுத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். எண்பதுகளில் திருச்சியைச் சுற்றி கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று மேடை மேடையாக வாசித்துக்கொண்டிருந்த எங்கள் மெல்லிசைக் குழு மறுபடி ஒன்று சேர்ந்து நாலு புதுப் பாட்டுகளைப் பதிவு செய்து முடித்துவிட்டது. ஏன் பிரிந்தீர்கள் என்று கேட்காதீர்கள். ஒருத்தர் துபாய் போனார், ஒருத்தருக்கு பேங்க் வேலை கிடைத்தது, அப்புறம் மைனஸ் டிராக்கை (பாடகர் குரல் இல்லாமல் இசை மட்டும் பதிந்தது) போட்டுவிட்டு ரெண்டே பேர் கச்சேரியை முடிக்கிற காலம் வந்ததும் மிச்சமிருந்தவர்களும் வீட்டோடு இருந்துவிட்டோம், அவ்வளவுதான்.

பாட்டு புதுசு, ஆனால் சத்தம் 1980 வாக்கில் கேட்ட மாதிரி இருக்க வேண்டும் என்பது எங்கள் பிடிவாதம். அதனால் ஒவ்வொருவராக வாசித்துக் கம்ப்யூட்டரில் ஒட்டுகிற வேலை வேண்டாம் என்று முடிவு செய்தோம். அந்தக் காலத்து சினிமா ரெக்கார்டிங் போல பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒரே டேக்கில் வாசிப்பது, யார் பிசகினாலும் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து. இதற்குப் பெரிய இடம் வேண்டுமே! ஆடியில் முகூர்த்தம் இல்லாமல் பூட்டிக் கிடந்த தன் மண்டபத்தை கரண்ட் பில் மட்டும் கட்டுங்கள் என்று சொல்லித் திறந்துவிட்ட முதலாளிக்கு முதல் நன்றி. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், அங்கே ஜன்னல் கதவெல்லாம் தாளம் தப்பித் தாளம் போட்டது, வாட்ச்மேன் அண்ணன்தான் சமையல்கட்டிலிருந்து சாக்குகளைக் கொண்டுவந்து சந்து சந்தாகச் செருகினார். பாடகியின் குரலுக்குக் கிடைத்த அந்த நீண்ட கார்வை, அதாவது பாடி நிறுத்திய பிறகும் காற்றில் நிற்கிற ஒலி, மெஷின் கொடுத்ததல்ல. மாடிப்படிக்குக் கீழே ஸ்பீக்கரை வைத்து அவர் குரலை ஓடவிட்டு, மேலே ஒரு மைக்கில் பிடித்தோம். அதுவரை மாடிப்படியில் யாரும் ஏறக் கூடாது என்று காவல் நின்றதும் அதே வாட்ச்மேன்தான்.

பக்கத்து அம்மன் கோயில் விழாக் கமிட்டிக்காரர்கள் மத்தியானம் ரெண்டு மணியிலிருந்து நாலு மணி வரை குழாய் ஸ்பீக்கரை நிறுத்தி வைத்தார்கள். ஆடி மாதத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

அடுத்து ரேடியோ ரிப்பேர் அண்ணன். எங்கள் ரோலண்ட் ஆர்.இ.-201 ஸ்பேஸ் எக்கோ என்கிற எதிரொலி மெஷின், 1974இல் வந்த மாடல், பல வருஷமாகப் பரணில் கிடந்தது. அதற்குள்ளே ஒரு டேப் வளையமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும், ஒரு ஹெட் பதியும், தள்ளித் தள்ளி இருக்கிற மூன்று ஹெட்கள் அதையே கொஞ்சம் கொஞ்சம் தாமதமாகத் திருப்பிச் சொல்லும். டேப்பை இழுக்கிற ரப்பர் உருளை கல்லாய் இறுகிப்போயிருந்தது. அவர் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து ஹெட்களைத் துடைத்து, பழைய டேப் டெக் ஒன்றிலிருந்து எடுத்த உருளையைக் கடைந்து பொருத்தினார். இலவசமாகச் செய்யவில்லை. கூலியும் வாங்கினார், மெஷினை இப்படியா வைத்திருப்பது என்று கூலிக்கு மேலே திட்டவும் செய்தார். இரண்டாவது பாட்டின் சரணத்தில் ஹம்மிங் அலை அலையாய்த் திரும்பி வருகிறதே, அது அவர் கைவேலை.

தபேலாவுக்குத் தோல் மாற்றிக் கொடுத்த பெரியவருக்கு, சுருதியைச் சரிபண்ணும் மென்பொருளைத் திறக்கவே மாட்டேன் என்று சத்தியம் செய்து அதைக் காப்பாற்றிய சவுண்ட் இன்ஜினியர் தம்பிக்கு, பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டிய நேரத்தில் எங்களை விட்டுவைத்த வீட்டம்மாக்களுக்கு (இவர்கள் லிஸ்டில் கீழே வந்ததற்கு இன்றைக்குச் சாப்பாடு கிடைக்குமா தெரியவில்லை), பணம் அனுப்பிய பழைய ரசிகர்களுக்கு, எல்லோருக்கும் நன்றி.

கேசட் பிரதிகள் வந்ததும் முதலில் உங்கள் கைக்குத்தான். டெக் இல்லாதவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள், பென் டிரைவில் போட்டுத் தருகிறோம்.