மூடியைத் தொடாதீர்கள் என்றவருக்கும், மற்ற எல்லோருக்கும்

எங்கள் மருத்துவ வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கைகொடுத்த அனைவருக்கும் வணக்கம்.

பூட்டிக் கிடந்த இரண்டு கூடங்களையும் பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்டோம். பெயர் போட வேண்டாம் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டதால், செய்த வேலையைச் சொல்லியே நன்றி சொல்கிறேன்.

முதலில், ஓய்வுபெற்ற செவிலியர் அம்மாவுக்கு. எங்களிடம் ஒரு பெட்டி நிறையக் கண்ணாடி சிரிஞ்சுகள் இருந்தன. குழல்களை ஒரு தட்டிலும் உள்தண்டுகளை இன்னொன்றிலும் பிரித்து அடுக்கியிருந்தோம். பார்த்ததும் பதறிவிட்டார். குழலில் பொறித்த எண்ணும் தண்டில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டுமாம். ஜோடி மாறினால் மருந்து கசியும், இல்லையென்றால் தண்டு இறுகிக்கொள்ளும். இரண்டு நாள் உட்கார்ந்து அத்தனையையும் ஜோடி சேர்த்தார். மழுங்கிய ஊசியைக் கல்லில் தீட்டுவது, முனையில் பிசிறு இருக்கிறதா என்று பஞ்சில் இழுத்துப் பார்ப்பது, கொதிக்கவைக்கும்போது கண்ணாடி உடையாமலிருக்கத் துணி சுற்றுவது எல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும். பதிவேட்டில் அந்தப் பெட்டிக்கு ‘கண்ணாடி சிரிஞ்சுகள்’ என்று ஒரே வரி இருந்தது. இப்போது நான்கு பக்கம்.

வேதியியல் ஆசிரியர் ஐயா, உங்களுக்கு நன்றி என்ற சொல் போதாது. நன்கொடையாக வந்த மருந்துப் பெட்டியில் மஞ்சள் தூள் ஒட்டிய ஒரு புட்டி இருந்தது. அதைத் துடைத்துவைக்க நான் துணியோடு நின்றிருந்தேன். “மூடியைத் தொடாதீர்கள்” என்றீர்கள். பிக்ரிக் அமிலம். ஒரு காலத்தில் தீக்காயத்துக்குப் போட்ட மருந்துதான், ஆனால் ஈரம் வற்றிவிட்டால் உராய்வுக்கே வெடிக்கக்கூடியது. எங்களை வெளியே அனுப்பிவிட்டு, வெடிபொருள் நிபுணர்கள் வரும்வரை வாசலிலேயே காவல் நின்றீர்கள். பழைய மருந்து எது வந்தாலும் இப்போது முதலில் உங்களைத்தான் கூப்பிடுகிறோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குப் பயிற்சி நடத்தும் தன்னார்வலர்களுக்கும் நன்றி. 1816இல் லென்னக் என்ற பிரெஞ்சு மருத்துவர் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி ஒரு பெண்ணின் இதய ஓசையைக் கேட்டார்; ஸ்டெதாஸ்கோப் அங்கேதான் பிறந்தது. பிள்ளைகளும் காகிதத்தைச் சுருட்டி, பக்கத்தில் இருப்பவர் நெஞ்சில் வைத்துக் கேட்கிறார்கள். சத்தம் கேட்டதும் அந்த முகங்களைப் பார்க்க வேண்டும்! அடுத்து, தச்சர் அண்ணன் கடைந்து கொடுத்த மரக்குழல் கைமாறுகிறது. லென்னக்கும் பிறகு மரத்துக்குத்தான் மாறினார்.

கடைசியாக, சிறுவயதில் போலியோ தாக்கி இரும்பு நுரையீரலுக்குள் படுத்திருந்த அம்மாவுக்கு. அந்த எந்திரத்துக்குள் அழுத்தம் குறையும்போது மார்பு விரிந்து காற்று தானாக உள்ளே போகும். தலை மட்டும் வெளியே இருக்கும். இதை நாங்கள் பலகையில் எழுதிவைத்திருந்தோம். நீங்கள் வாசித்துவிட்டு, “கண்ணாடி எங்கே?” என்று கேட்டீர்கள். தலைக்கு மேல் சாய்வாக ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி இருக்குமென்றும், வாசலில் யார் வருகிறார்கள் என்று அதில்தான் பார்த்துக் கிடந்தீர்களென்றும் சொன்னீர்கள். எங்கள் எந்திரத்தில் அதன் தாங்கி மட்டுமே மிஞ்சியிருந்தது. தச்சர் அண்ணன் புதிதாக ஒன்று பொருத்திவிட்டார். நீங்கள் சொன்ன அதே சாய்வில்தான் வைத்திருக்கிறோம், வாசல் தெரிகிறது. ஒருநாள் வந்து பாருங்கள் அம்மா.

அன்புடன்,
சேகரிப்புக் காப்பாளர்